கண்ணு மாறுற பொம்மையும் கன்னம் உருகின கதையும்

"பொட்டி தட்டுற பொண்ணுக்குப் பொம்மை எதுக்கு?"ன்னு கேட்கப் போறவங்க எல்லாம் வரிசையில வாங்க. அம்மா, டீம் லீட், ரூம்மேட் மூணு பேரும் ஏற்கெனவே கேட்டாச்சு. உங்களுக்கு நாலாவது டோக்கன் :-)

டோக்கியோவுக்கு மூணு மாசம் ஆன்சைட் போயிருந்தப்போ சோத்துக்குப் பட்ட பாட்டை முன்னாடியே எழுதியிருந்தேன். அங்கே ஒரு பொம்மை வாங்கின கதையை அப்புறம் சொல்றேன்னு முடிச்சிருந்தேன். ஆபீஸ்ல ஆணி அதிகமானதால தள்ளிப் போயிடுச்சு. இதோ அந்தப் பதிவு. பாதி சரித்திரம், பாதி சொந்த சோகம். கொஞ்சம் நீளம்தான், காபி எடுத்து வெச்சுக்கிட்டுப் படிங்க.

முதல்ல கொசுவர்த்தி சுத்திடுவோம்.

டோக்கியோவில் நகானோ ஸ்டேஷன்ல இறங்கி எதிர்ல இருக்கிற மூடின கடைத்தெருவுக்குள்ள நேரா நடந்தா, கடைசியில நகானோ ப்ராட்வேன்னு ஒரு பழைய கட்டடம் வரும். 1966-ல கட்டினது. மேல் மாடிகள்ல பழைய காமிக்ஸ், பழைய பொம்மை, பழைய வாட்ச்னு சின்னச் சின்னக் கடைகள். ஒரு ஞாயித்துக்கிழமை சும்மா சுத்திட்டிருந்தவ ஒரு கண்ணாடி அலமாரி முன்னாடி நின்னுட்டேன்.

உள்ளே ஒரு பொம்மை. உடம்பு குச்சி மாதிரி. தலை பூசணிக்காய் சைஸ். அதுல பாதிக்குக் கண்ணு. அலமாரிக்குப் பூட்டு. விலைச்சீட்டுல இருந்த சைபரை எண்ணிட்டு ரெண்டடி பின்னாடி வந்தேன். அதே கடையில கீழ்த்தட்டுல, பார்க்க அக்கா தங்கச்சி மாதிரி இன்னொரு பொம்மை. டிரஸ் இல்லை, முகத்துல கீறல், தலைக்குப் பின்னாடி தொங்க வேண்டிய கயிறு அறுந்திருந்தது. 'ஜங்க்'னு சீட்டு ஒட்டி, என்னென்ன குறைன்னு ஒழுங்கா எழுதியும் வெச்சிருந்தாங்க. விலை 9,000 யென். பூட்டின அலமாரியில இருந்த அக்காவோட விலையில சின்ன பின்னம்தான்.

ஒரே மாதிரி ரெண்டு பொம்மை. ஒண்ணு பூட்டுக்குள்ள, ஒண்ணு குப்பை விலையில. ஏன்? இந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டுப் போனதுதான் இந்தப் பதிவு.

ஒரே வருஷத்துல மூடின கடை

பொம்மையின் பெயர் ப்ளைத். பிறந்த வருடம் 1972. பிறந்த ஊர் அமெரிக்கா. சிகாகோவில் மார்வின் க்ளாஸ் என்பவர் நடத்திய பொம்மை வடிவமைப்பு நிறுவனம் ஒன்று இருந்தது. அவர்கள் பொம்மையை யோசித்துக் கொடுப்பார்கள், வேறு கம்பெனிகள் தயாரித்து விற்கும். அங்கே வேலை பார்த்த அலிசன் காட்ஸ்மன் என்ற பெண் வடிவமைத்ததுதான் ப்ளைத். தயாரித்தது சின்சினாட்டியில் இருந்த கென்னர் கம்பெனி. பிற்பாடு ஸ்டார் வார்ஸ் பொம்மைகளை விற்றுப் பெரிய ஆளானார்களே, அவர்களேதான்.

ப்ளைத்தின் விசேஷம் கண். தலைக்குப் பின்னால் வளையம் கட்டிய ஒரு கயிறு தொங்கும். ஒரு முறை இழுத்தால் இமை மூடித் திறக்கும், கண் வேறு நிறத்துக்கு மாறியிருக்கும். பச்சை, ரோஸ், நீலம், ஆரஞ்சு என்று நாலு நிறம். சில நிறத்தில் நேராகப் பார்க்கும், சில நிறத்தில் ஓரக்கண்ணால் பார்க்கும். அந்தக் காலத்தில் அமெரிக்க வீடுகளில் பிரபலமாக இருந்த மார்கரெட் கீனின் பெரிய கண் குழந்தை ஓவியங்களின் சாயல் இதில் இருக்கிறது என்பார்கள். (2014-ல 'பிக் ஐஸ்'னு படமா வந்துச்சே, அவங்க கதைதான்.)

கவனிங்க மக்களே. பொம்மையோட கூடவே மாத்திப் போட டிரஸ், கலர் கலரா விக்கு எல்லாம் வித்திருக்காங்க. அதாவது பிறக்கும்போதே 'என்னை மாத்திக்கோ'ன்னு சொல்லிக்கிட்டுப் பிறந்த பொம்மை இது.

ஆனால் விற்கவில்லை. ஒரே வருடத்தில் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். அந்தக் கண்களைப் பார்த்துக் குழந்தைகள் பயந்தார்கள் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். (நடுராத்திரி தண்ணி குடிக்க எழுந்து அலமாரிப் பக்கம் பார்த்த அனுபவத்துல சொல்றேன், குழந்தைகள் மேல தப்பே இல்லை.)

கை மாறின பட்டா

அப்புறம் இருபத்தஞ்சு வருஷம் ப்ளைத்தை யாரும் கண்டுக்கலை. ஆனா பொம்மைக்கான உரிமை மட்டும் கை மாறிக்கிட்டே இருந்தது. கென்னரை 1967-லேயே ஜெனரல் மில்ஸ் வாங்கியிருந்தது. பொம்மைக் கம்பெனியை வாங்கினது காலை டிபனுக்கு சீரியல் விக்கிற கம்பெனி! 1985-ல் கென்னர் பார்க்கர் என்று தனியாகப் பிரித்துவிட்டார்கள். 1987-ல் அதை டோங்கா வாங்கியது. 1991-ல் டோங்காவை ஹாஸ்ப்ரோ வாங்கியது.

நம்ம துறையில இருக்கிறவங்களுக்கு இது சுலபமாப் புரியும். ஒரு கம்பெனி இன்னொண்ணை வாங்கும். கூடவே பத்து வருஷம் யாரும் திறக்காத ஒரு கோடும் வந்து சேரும். எழுதினவர் வேலையை விட்டுப் போயிருப்பார். அது எந்த மூலையில கிடக்குன்னு வாங்கினவங்களுக்கே தெரியாது. ப்ளைத் அப்படி ஒரு மூலையில கிடந்தது.

கேமராவோட வந்த தோழி

அந்த மூலையைத் திறந்தவர் கம்பெனி ஆள் இல்லை. நியூயார்க்கில் வீடியோ தயாரிப்பு வேலையில் இருந்த ஜினா காரன். 1997-ல் ஒரு நண்பர் அவருக்குப் பழைய ப்ளைத் ஒன்றைக் கொடுத்தார். காரனுக்குப் பொம்மையைப் பிடித்துவிட்டது. போகிற இடமெல்லாம் எடுத்துப் போய் ஃபோட்டோ பிடித்தார். 2000-ல் அந்தப் படங்கள் 'திஸ் இஸ் ப்ளைத்' என்ற புத்தகமாக வந்தன.

புத்தகம் வந்த பிறகு, வீட்டுப் பரண்களில் கிடந்த 1972 பொம்மைகளுக்குத் திடீரென்று மவுசு. ஏலத்தில் விலை பல மடங்கு ஏறியது. ஒரே வருடம் தயாரித்த பொம்மை என்பதால் எண்ணிக்கை குறைவு. தோல்விதான் அதை அபூர்வப் பொருளாக்கியது. 1972-ல் அமோகமாக விற்றிருந்தால் இன்று அந்த அலமாரிக்குப் பூட்டு தேவைப்பட்டிருக்காது.

இதே காலத்தில் இன்னொரு பெண்மணியும் கதைக்குள் வருகிறார். டோக்கியோவில் சி.டபிள்யூ.சி. என்ற நிறுவனத்தை நடத்தி, ஓவியக் கலைஞர்களுக்கு வாய்ப்புப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஜுன்கோ வாங். காரனின் படங்களைப் பார்த்த அவர், ஜப்பானின் பார்கோ என்ற பெரிய கடை நிறுவனத்திடம் எடுத்துப் போனார். 2000-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் சீசனில் பார்கோவின் டிவி விளம்பரத்தில் ப்ளைத் நடித்தாள். விளம்பரத்தைப் பார்த்த ஜனங்கள் பொம்மை எங்கே கிடைக்கும் என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

பொம்மையே தயாரிப்பில் இல்லை. ஆனால் கேட்க ஆள் இருக்கிறது. ஜப்பானின் டகாரா கம்பெனி ஹாஸ்ப்ரோவிடம் லைசென்ஸ் வாங்கி, 2001 ஜூனில் 'நியோ ப்ளைத்' என்று புதிதாகத் தயாரித்தது. முதல் வெளியீடு பார்கோவுக்காக 1,000 பொம்மைகள். வந்த வேகத்தில் தீர்ந்தன. அதற்குப் பின் மாதா மாதம் என்கிற மாதிரி புதுப்புது ப்ளைத்கள் வந்தன. 2002-ல் உள்ளங்கையில் அடங்கும் பெட்டீட் ப்ளைத்தும் வந்தது.

ஒரு சின்ன வேடிக்கை. ஆரம்ப நியோ ப்ளைத்களுக்கு உடம்பு தனியா செய்யலை. டகாராவோட பழைய பொம்மை லிக்கா, 1967-லேர்ந்து ஜப்பான்ல வீட்டுக்கு வீடு இருக்கிற பொம்மை, அதோட உடம்பு மேல ப்ளைத் தலையை வெச்சுட்டாங்க. ஆக, மறு பிறவியிலேயே ப்ளைத் ஒரு ஒட்டு மாங்கனி. அப்புறம் அதை வெட்டி ஒட்டி மாத்தறவங்களைக் குத்தம் சொல்ல முடியுமா?

ஆச்சா, நகானோ அலமாரிக் கேள்விக்குப் பதில் கிடைச்சாச்சு. பூட்டுக்குள்ள இருந்தது 1972 கென்னர். கீழ்த்தட்டுல கிடந்தது டகாராவோட நியோ ப்ளைத். அவசரமாப் பார்த்தா ரெண்டும் ஒண்ணு. சரித்திரம் தெரிஞ்சவங்களுக்கு வேற வேற.

கத்தி எடுத்த கைகள்

இப்போ 'கஸ்டமைஸ்' மேட்டருக்கு வருவோம்.

பொம்மையை மாற்றி அமைப்பவர்கள் எல்லா வகைப் பொம்மையிலும் உண்டு. பார்பி, ப்ராட்ஸ் பொம்மைகளின் முகம் மெத்தென்ற வினைல். பழைய பெயின்ட்டைத் துடைத்துவிட்டுப் புது முகம் வரையலாம், முடியைப் பிடுங்கி வேறு முடி நடலாம். ஆஸ்திரேலியாவின் டாஸ்மானியாவில் சோனியா சிங் என்பவர் பழைய சாமான் கடைகளில் ப்ராட்ஸ் பொம்மைகளை வாங்கி, பூசியிருந்த மேக்கப்பை அழித்து, சாதாரணக் குழந்தை முகம் வரைந்தார். அவர் அம்மா அவற்றுக்கு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தார். 2015-ல் அந்தப் படங்கள் உலகம் முழுக்கப் பரவின. மற்றவர்களும் செய்யட்டும் என்று செய்முறையையும் வெளியிட்டார்.

ப்ளைத் சங்கதி வேறு. அவள் முகம் கெட்டியான ஏபிஎஸ் பிளாஸ்டிக். லெகோ கட்டைகள் 1963-லிருந்து இதே ஜாதிதான். கெட்டி என்பதால் அதைச் செதுக்கலாம். மூடின உதட்டை லேசாகச் சிரிக்க வைக்கலாம், மூக்குக்குத் துவாரம் வைக்கலாம், கன்னத்தை இழைக்கலாம். தலை ஸ்க்ரூ போட்டு மூடியிருப்பதால் திறக்கலாம். உள்ளே கண் இயந்திரம் தனியாக வரும். நாலு ஜோடி கண் சில்லுகளையும் எடுத்துவிட்டு நாமே வரைந்த சில்லுகளை ஒட்டலாம். உப்புத்தாளால் பளபளப்பை எடுத்து, சாக் பேஸ்டல் பொடியால் கன்னச் சிவப்பு தீட்டி, மேலே மங்கல் வார்னிஷ் அடித்து முடிப்பார்கள். தச்சு வேலை, வாட்ச் ரிப்பேர், மேக்கப் மூன்றும் சேர்ந்த தொழில்.

ஒரு விஷயம் மட்டும் இல்லை. அன்டூ பட்டன். செதுக்கின உதடு செதுக்கினதுதான்.

கன்னம் உருகின கதை

இந்தக் கெட்டி பிளாஸ்டிக் சமாசாரம் எல்லாம் எனக்கு வாங்கின அன்னிக்குத் தெரியாது. சர்வீஸ் அபார்ட்மென்ட்டுக்கு வந்ததும் உற்சாகம் தாங்கலை. ப்ராட்ஸ் முகத்தை எப்படித் துடைக்கிறாங்கன்னு முன்னாடி பார்த்திருந்தேன். நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சுல தொட்டு ஒரே இழுப்பு. பெயின்ட் வழிச்சுக்கிட்டு வந்தது. 'ஆஹா, நாமளும் கலைஞர்தான்'னு ரெண்டாவது இழுப்பு. பஞ்சு கன்னத்துல ஒட்டிக்கிச்சு. பிச்சு எடுத்தா, இடது கன்னத்துல பால் ஆடை மாதிரி வெளுத்து, பஞ்சு நூலோட ஒரு குழி.

ரிமூவர்ல இருந்தது அசிட்டோன். வினைலை அது அவ்வளவா ஒண்ணும் பண்ணாது. ஏபிஎஸ்ஸைக் கரைச்சுடும். 3டி பிரின்டர்ல செஞ்ச ஏபிஎஸ் சாமான்களை வழவழப்பாக்க அசிட்டோன் ஆவி காட்டுறது இதனாலதான். நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சு, முதல் வருஷக் கெமிஸ்ட்ரில பாலிமர் பாடம் எழுதிப் பாஸானவ நான். அவ்வ்வ்வ்.

9,000 யென் போனதுல வருத்தம்தான். ஆனா அதை விட உறுத்தினது வேற. ஏற்கெனவே யாரோ விளையாடிக் கீறல் போட்டு, யாரோ வேண்டாம்னு வித்து, யாரோ 'ஜங்க்' சீட்டு ஒட்டின பொம்மை. காப்பாத்தறேன்னு தூக்கிட்டு வந்தவளும் சேர்ந்து கெடுத்துட்டேன்.

அம்மாவுக்கு வீடியோ கால். திட்டு வாங்கத்தான் போட்டேன். அம்மா கன்னத்தைக் கிட்டக்கக் காட்டச் சொல்லிப் பார்த்தாங்க.

"ஏண்டி, முதல்ல கழுத்துக்குக் கீழ எங்கயாவது தொட்டுப் பார்க்க மாட்டியா? கொலு பொம்மைக்கு வர்ணம் அடிக்கிறப்ப நான் அடிப்பக்கம் தானே முதல்ல அடிச்சுப் பார்ப்பேன்?"

"தெரியலைம்மா."

"சரி விடு. செட்டியார் பொம்மைக்கு மூக்கு உடைஞ்சப்ப தூக்கியா போட்டோம்? தேய்ச்சுப் பாரு."

வருஷா வருஷம் நவராத்திரிக்கு முன்னாடி பரண்லேர்ந்து பெட்டி இறங்கும். உடைஞ்ச விரல், உரிஞ்ச பெயின்ட் எல்லாத்தையும் அம்மா ஒக்கிடுவாங்க. எங்க வீட்டுச் செட்டியார் மூக்கு பாட்டி காலத்து மூக்கு இல்லை, அம்மா வெச்ச மூக்கு. ஆனா அவரைச் செட்டியார் இல்லைன்னு யாரும் சொன்னதில்லை.

தேய்ச்சேன். மூணு வாரம், ராத்திரி ராத்திரி. தண்ணி தொட்டுத்தான் தேய்க்கணும், இல்லாட்டி பிளாஸ்டிக் தூசி மூச்சுக்குள்ள போயிடும், மாஸ்க்கும் கட்டாயம். குழி போகிற வரைக்கும் தேய்ச்சதுல இடது கன்னம் வலதை விட ஒரு நூல் ஒட்டிப்போச்சு. அதை மறைக்க உதட்டோட இடது ஓரத்தை லேசா மேலே செதுக்கினேன். இப்போ ஏதோ ஒரு விஷயம் தெரிஞ்சு வெச்சுக்கிட்டுச் சொல்லாம இருக்கிறவ மாதிரி ஒரு அரைச் சிரிப்பு. நான் திட்டம் போட்டு வெச்ச முகம் அது இல்லை. ஆனா அந்த முகத்தை இப்போ மாத்தச் சொன்னா மாத்த மாட்டேன்.

வாங்கப் போறவங்களுக்கு நாலு வார்த்தை

1. 1972 கென்னர் கிடைச்சா கத்தியை எடுக்காதீங்க. ஒரே வருஷம் செஞ்சது, ஒண்ணு வெட்டினா உலகத்துல ஒண்ணு குறையும். ஜினா காரன் அதை வெட்டாமலே, இடத்தையும் வெளிச்சத்தையும் மாத்தி மாத்தியே இன்னொரு ஆளாக் காட்டினார். மாத்தறதுன்னா வெட்டறதுன்னு மட்டும் அர்த்தம் இல்லை.

2. வெட்டிப் பழக, அடிபட்ட நியோ ப்ளைத்தே உத்தமம். முடி சிக்கல், டிரஸ் இல்லை, பெட்டி இல்லை, இதெல்லாம் சேகரிக்கிறவங்களுக்குத்தான் குறை. நமக்கு விலைக் குறைப்பு.

3. 'ஃபேக்டரி ப்ளைத்'னு பெட்டி இல்லாம மலிவா வர்றது லைசென்ஸ் இல்லாத சீன நகல். நிறையக் கஸ்டமைசர்கள் அதுலதான் வேலை பார்க்கிறாங்க, விலை அப்படி. நகல்னு தெரிஞ்சு வாங்கறது அவங்கவங்க மனசாட்சி. நகலை ஒரிஜினல்னு சொல்லி விக்கறதுதான் பித்தலாட்டம். விக்கிறவர்கிட்ட தலைப் பின்பக்கம், முதுகு முத்திரை ரெண்டையும் ஃபோட்டோ கேளுங்க. தயங்கினா நகர்ந்துடுங்க.

4. நம்மூர்லேர்ந்து வாங்கறது கஷ்டம்தான். பொம்மை இறக்குமதி வரியை 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினாங்க, 2023-ல் 70 ஆச்சு. நிறையப் பேர் உதிரி பாகம் வாங்கிக்கிட்டிருந்த அலிஎக்ஸ்பிரஸ்ஸுக்கும் 2020 நவம்பர்ல தடை வந்தது. வார்னிஷ் ஸ்ப்ரே டப்பா தீப்பிடிக்கிற சாமான், ஃப்ளைட்ல பெட்டியில போட்டுக் கொண்டு வரலாம்னு நினைக்காதீங்க. நான் பொம்மையை மட்டும் கைப்பையில, ஸ்கார்ஃப்ல சுத்தி எடுத்துட்டு வந்தேன்.

5. எதைப் பூசினாலும் முதல்ல மறைவான இடத்துல. காப்புரிமை: அம்மா.

கடைசியா ஒண்ணு. ப்ளைத்தை வடிவமைச்சவங்க ஒருத்தர், தயாரிச்சுக் கைவிட்டது ஒரு கம்பெனி, பட்டா வெச்சிருந்தது இன்னும் நாலு கம்பெனி. ஆனா இன்னிக்கு அது உயிரோட இருக்கிறது, விலைக்கு வாங்கி 'இதை வெச்சு நான் ஒண்ணு பண்றேன்'னு உட்கார்ந்தவங்களாலதான். அதுல சிலர் அழகாப் பண்ணினாங்க. சிலர் கன்னத்தை உருக்கினாங்க. உருக்கினவங்க திரும்ப உட்கார்ந்து தேய்ச்சாங்களாங்கறதுதான் கணக்கு.

இதை டைப் அடிக்கும்போது மானிட்டர் பக்கத்துல உட்கார்ந்து ஓரக்கண்ணால பார்த்துக்கிட்டிருக்கா. அறுந்த கயிறை மாத்திட்டேன், இழுத்தா கண்ணு மாறுது. புரொடக்‌ஷன்ல எதாவது புட்டுக்கிச்சுன்னா ஒரு தடவை இழுத்துப் பச்சைக்கு மாத்திடுவேன். பில்ட் பாஸாகுதோ இல்லையோ, மனசுக்கு ஒரு ஆறுதல் :-)

டிஸ்கி: நீங்க உடைச்சு, நீங்களே ஒட்டின பொருள் வீட்டுல எதாவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. நான் மட்டும் தனியா அசிங்கப்பட முடியாது.